ஈ.எம்.டி (டெண்டருக்கான முன்வைப்புத் தொகை) இல்லை என்று கழித்துவிட்டார்கள், இந்த விதியை எல்லாம் யார் போடுகிறார்கள்? (அவசரம்)

ஓசூர்_பர்னிச்சர்: டெண்டரில் உத்யம் (சிறு தொழில் பதிவு) சான்றிதழ் இணைத்திருக்கிறேன், அப்படியிருந்தும் ஈ.எம்.டி கட்டவில்லை என்று விலையைப் பார்க்கும் முன்பே டெக்னிக்கல் சுற்றிலேயே தள்ளிவிட்டார்கள். சிறு தொழிலுக்கு ஈ.எம்.டி கிடையாது என்பதுதானே அரசாங்கக் கொள்கை? போன வருடம் வேறொரு ஆபீஸுக்கு இதே சான்றிதழை வைத்து 60 மேசை கொடுத்தேன், யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆபீஸுக்கு ஆபீஸ் ஒரு விதியா? எல்லா இலாகாவுக்கும் சேர்த்துக் கொள்கை வகுப்பது யார், யாருக்கு மனு எழுத வேண்டும்? நாளை மாலைக்குள் முறையீடு போட வேண்டும்.

சேலம்_சப்ளையர்: மத்திய அரசு ஆபீஸா, மாநில அரசு ஆபீஸா? அதைச் சொல்லாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

மலைக்கோட்டை: அண்ணே, இது விஜிலென்ஸ் விவகாரம். மத்திய கண்காணிப்பு ஆணையத்துக்கு ஒரு புகார் தட்டிவிடுங்கள். டெண்டர் விதி எல்லாம் அவர்கள் போடுவதுதான்.

ஸ்டோர்ஸ்_ஓய்வு: 31 வருடம் கொள்முதல் பிரிவில் இருந்தவன் சொல்கிறேன், டெண்டர் ஆவணத்தைப் படிக்காமல் விலை போடுகிறவர்கள்தான் பிறகு இப்படி வந்து நிற்கிறார்கள். ஆணையம் மேற்பார்வை செய்யும், சுற்றறிக்கை விடும், அவ்வளவுதான். மத்திய அரசில் அடிப்படை விதி பொது நிதி விதிகள் 2017. அதை வெளியிடுவது நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை, அங்கே கொள்முதல் கொள்கைக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஈ.எம்.டி பற்றியது விதி 170. மதிப்பில் 2 முதல் 5 சதவீதம் வரை கேட்கலாம், குறு, சிறு நிறுவனங்களுக்கு விலக்கு. ஆனால் யார் அந்தக் 'குறு, சிறு நிறுவனம்' என்பதைச் சொல்வது செலவினத் துறை இல்லை. அதைச் சொல்வது எம்.எஸ்.எம்.இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) அமைச்சகத்தின் 2012 கொள்முதல் கொள்கை ஆணை.

ஓசூர்_பர்னிச்சர்: மத்திய அரசு நிறுவனம் சார், ஜெம்மில் (அரசின் இணையக் கொள்முதல் தளம்) வந்த பிட் (டெண்டர்). 18 லட்சம், ஈ.எம்.டி 36,000.

சேலம்_சப்ளையர்: போன வருடம் மேசை கொடுத்தது?

ஓசூர்_பர்னிச்சர்: அது நம் மாவட்டத்தில் ஒரு மாநில அரசு ஆபீஸ்.

சேலம்_சப்ளையர்: அப்படியென்றால் அதையும் இதையும் ஒப்பிடவே முடியாது. மாநில ஆபீஸுக்கு 1998-ஆம் வருட தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன் கீழ் வந்த 2000 விதிகளும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் அங்கே செல்லாது.

மலைக்கோட்டை: ஜெம்தானே விதி போடுகிறது? எல்லாமே அதில்தானே நடக்கிறது.

ஸ்டோர்ஸ்_ஓய்வு: ஜெம் ஒரு சந்தை. வாங்குகிறவன் அங்கே போயாக வேண்டும் என்று சொல்வது விதி 149. இது தெரியாமல் அடுத்தவருக்கு யோசனை சொல்ல வராதீர்கள்.

நெல்லை_வக்கீல்: சார், தெரியாதவர் கேட்கத்தானே செய்வார். தொழிலில் இருக்கிறவர்களுக்கே இது குழப்பம்தான். உள்நாட்டுத் தயாரிப்புக்கு முன்னுரிமை தரும் 2017 ஆணை வர்த்தக அமைச்சகத்தின் கீழிருந்து வருகிறது, ரயில்வேக்குத் தனி ஸ்டோர்ஸ் கோட், ராணுவத்துக்குத் தனி நடைமுறை. நாடு முழுவதற்கும் ஒரே கொள்முதல் சட்டம் கிடையாது. 2012-இல் மக்களவையில் ஒரு மசோதா வந்தது, 2014-இல் அவை கலைந்ததும் அதுவும் காலாவதியாகிவிட்டது. சட்டம் இருந்திருந்தால் இவர் யாருக்கு எழுதுவது என்று தேட வேண்டியிருக்காது.

ஸ்டோர்ஸ்_ஓய்வு: சட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறதே, பிரிவு 16-இல் எத்தனை விலக்குகள் என்று பாருங்கள்.

நெல்லை_வக்கீல்: விலக்கு இருக்கட்டும். அதே தமிழ்நாடு சட்டத்தின் பிரிவு 11-இல் டெண்டரில் தோற்றவர் 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். அது சட்டம் கொடுத்த உரிமை, எந்த அதிகாரியும் மறுக்க முடியாது. மத்திய அரசு நிர்வாக உத்தரவுகளை வைத்தே ஓட்டுவதால் அந்தப் பிடி சப்ளையருக்குக் கிடைப்பதில்லை, நேரே உயர் நீதிமன்றம்தான். 36,000 ரூபாய் விஷயத்துக்கு எத்தனை பேர் ரிட் போடுவார்கள்?

திருப்பூர்_அக்கவுண்ட்ஸ்: நீங்கள் இருவரும் அப்புறம் சண்டை போடுங்கள். ஓசூர் தம்பி, ஒன்று கேட்கிறேன், நாற்காலி மேசை நீங்களே செய்கிறீர்களா, வாங்கி விற்கிறீர்களா? உத்யம் சான்றிதழை எடுத்து 'முக்கியச் செயல்பாடு' என்ற வரியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2021 ஜூலையிலிருந்து வியாபாரிகளும் உத்யம் பதிவு செய்யலாம், ஆனால் அவர்களுக்கு அதன் பலன் வங்கியின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான். கொள்முதல் கொள்கை தயாரிப்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான். என் கிளையண்ட் ஒருவர் இதே இடத்தில் மூன்று பிட் இழந்தார், சான்றிதழ் அசல்தான், அந்த ஒரு வரிதான் காரணம்.

மலைக்கோட்டை: இது எனக்கும் புதுசு. நன்றி அக்கா.

ஸ்டோர்ஸ்_ஓய்வு: அதைத்தான் நானும் சொன்னேன், யார் 'குறு, சிறு நிறுவனம்' என்பது 2012 ஆணை என்று.

சேலம்_சப்ளையர்: ஓசூர், இருக்கிறீர்களா? நாளை சாயங்காலம்தானே கடைசி?

ஓசூர்_பர்னிச்சர் (நான்கு நாள் கழித்து): டிரேடிங் என்றுதான் இருக்கிறது. வாங்கித்தான் விற்கிறேன். முறையீடு போட்டுப் பார்த்தேன், நிராகரித்துவிட்டார்கள். அடுத்த பிட்டுக்கு ஈ.எம்.டி கட்டிவிட்டேன். அக்காவுக்கு நன்றி.