அம்பாசிடர் மார்க் 3: புது ஹெட் போட்ட பிறகு ராக்கர் சத்தம், வால்வு முனையில் ஓரத் தடம்

பழைய மார்க் 3, குன்னூர்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா ஊட்டி டாக்சி ஸ்டாண்டில் ஓட்டிய வண்டி இது. 1977 மாடல், 1489 சிசி பெட்ரோல். மூன்று ஆண்டுகள் கொட்டகையில் நின்றுவிட்டது. போன தை மாதம் கிளப்பியபோது ரேடியேட்டரில் குமிழி வந்தது. ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடி) கழற்றினால், மூன்றாம் சிலிண்டரில் இரண்டு வால்வு சீட்டுகளுக்கும் (வால்வு அமரும் வளையம்) நடுவே முடி போல ஒரு விரிசல். வார்ப்பிரும்பை வெல்டிங் செய்து மலையில் ஓட்ட எனக்குத் துணிவில்லை. அதனால் வெளியில் செய்து விற்கும் புது ஹெட் ஒன்றை வாங்கினேன். ஈயம் இல்லாத பெட்ரோலுக்கு ஏற்ற கடின சீட், புது கைடு (வால்வுத் தண்டு நகரும் குழாய்), புது வால்வு எல்லாம் அதிலேயே பொருத்தி வந்தன.

பட்டறையில் மட்டம் சரியில்லை என்று 20 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு) ஃபேஸிங் செய்து, அதாவது அடிப்பரப்பை அந்த அளவுக்கு அரைத்து, மாட்டிக் கொடுத்தார்கள். வண்டி நன்றாகத்தான் கிளம்பியது. 900 கிலோமீட்டர் ஓடிய பிறகு இப்போதுள்ள நிலை இது:

டேப்பெட் இடைவெளியை எல்லா வால்வுக்கும் 0.015 அங்குலம் வைத்திருக்கிறேன். ஆனாலும் ஐந்தாவது வால்வு ராக்கரில் (வால்வை அழுத்தித் திறக்கும் கை) டிக் டிக் என்று சத்தம். அந்த இடைவெளியைக் கொண்டுவர டேப்பெட் ஸ்க்ரூவை ஏறக்குறைய முழுதும் மேலே திருக வேண்டியிருக்கிறது. ராக்கருக்குக் கீழே ஸ்க்ரூவின் உருண்டை மட்டும்தான் தெரிகிறது. மூடியைத் திறந்து பார்த்தால் வால்வு முனைகளில் ராக்கர் தேய்த்த தடம் நடுவில் இல்லை. அகலமாக, ஒரு ஓரம் வரை இழுத்திருக்கிறது. இன்னொன்று, இரண்டாம் கியரில் பர்லியாறு இறங்கி, கல்லாறு சமதளத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் நீலப் புகை ஒரு கொத்து வருகிறது. ஏறும்போது புகை இல்லை. கம்ப்ரஷன் நான்கிலும் 105 பிஎஸ்ஐ சுற்றி இருக்கிறது. அதுவும் குறைவோ என்று பயமாக இருக்கிறது.

புஷ்ராடை (கீழிருந்து ராக்கரைத் தள்ளும் கம்பி) வெட்டிக் குட்டையாக்கினால் சரியாகிவிடும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா? அப்பா இந்த வண்டியில் ஒரு பாகத்தையும் வெட்ட விட்டதில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

மேட்டுப்பாளையம் லேத்

புஷ்ராடை வெட்டுவது கடினமான வேலையில்லை. ஒரு முனைக் கிண்ணத்தைக் கழற்றி, குழாயைக் குறைத்து, திரும்ப அழுத்திவிடலாம். அல்லது வால்வு முனையைக் கிரைண்டரில் பிடித்து ஒரு மில்லிமீட்டர் எடுத்தாலும் ஸ்க்ரூ கீழே வந்துவிடும். ஹெட்டை 20 தவ் ஃபேஸிங் செய்தால் புஷ்ராட் அந்த அளவுக்கு நீளமாகிப் போவது இயல்புதான். ஒரு நாள் வேலை.

அரவங்காடு ஃபிட்டர்

தம்பி, இரண்டையும் இப்போது செய்யாதீர்கள். முதலில் ஒரு கேள்வி: பழைய ஹெட் உங்களிடம் இருக்கிறதா? இரும்புக் கடைக்குப் போட்டுவிடவில்லையே? விரிசல் விட்டாலும் உங்கள் வண்டியின் சரியான அளவு அதில்தான் இருக்கிறது.

கார்டைட் தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவன் நான். என்னிடமும் ஒரு மார்க் 2 இருக்கிறது. இந்த இன்ஜின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த பி-சீரீஸ். எம்.ஜி.ஏ. காரிலும் முதலில் இதே 1489 சிசிதான் இருந்தது. ஒரே குடும்பத்தில் பல இன்ஜின்கள் இருப்பதால் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும் வால்வுகள் அளவில் வேறுபடும். வெளி ஹெட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ராக்கருக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் வால்வு, மறுபக்கம் புஷ்ராட். ஹெட்டை ஃபேஸிங் செய்தால் ராக்கர் ஷாஃப்டும் (ராக்கர்கள் ஆடும் அச்சு) வால்வும் சேர்ந்தே கீழே இறங்குகின்றன. அவை இரண்டுக்கும் இடையே உள்ள உறவு மாறுவதில்லை. புஷ்ராட் மட்டுமே நீளமாகத் தெரியும். ஆகவே உங்கள் ஸ்க்ரூ மேலே போனதில் அரை மில்லிமீட்டரை ஃபேஸிங்கின் கணக்கில் எழுதலாம். ஆனால் வால்வு முனையில் தடம் ஓரத்துக்கு ஓடியதற்கு ஃபேஸிங் காரணமாக முடியாது. வால்வு முனை ஷாஃப்டைவிட உயரமாக நிற்கிறது என்பதுதான் அதன் பொருள். வால்வு நீளமாக இருக்கலாம், அல்லது சீட்டை ஆழமாகக் குடைந்திருக்கலாம்.

ராக்கர் முனை வட்டத்தில் போகிறது, வால்வு நேர்க்கோட்டில் போகிறது. வால்வு பாதி திறந்திருக்கும்போது ராக்கர் வால்வுக்குச் செங்குத்தாக இருந்தால், முனை சற்று வெளியே போய் அதே அளவு உள்ளே திரும்பும். தடம் நூல் போல மெல்லியதாக விழும். ஷாஃப்ட் தாழ்ந்திருந்தால் ராக்கர் முனை அண்ணாந்தபடி தொடங்கி, முழுதாகத் திறக்கும்போதுதான் செங்குத்துக்கு வருகிறது. அப்போது உரசல் ஒரே திசையில் இழுக்கிறது. கணக்குப்படி சாய்வு இரண்டு மடங்கானால் உரசும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. நம் ராக்கர் பட்டையில் வளைவு இருப்பதால் காகிதக் கணக்கு முழுதும் பொருந்தாது. தடம் சொல்வதைத்தான் நான் நம்புவேன். அந்த இழுப்பு ஒவ்வொரு முறையும் வால்வைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. தள்ளத் தள்ள கைடு முட்டை வடிவமாகத் தேயும்.

இந்த நிலையில் புஷ்ராடை வெட்டினால் ஸ்க்ரூ பார்வைக்கு அழகாகக் கீழே வந்துவிடும், கைடு தேய்வது அப்படியே நடக்கும். வால்வு முனையை அரைப்பதும் வேண்டாம். அதில் கடினமாக்கிய பகுதி மெல்லியது. ஒரு மில்லிமீட்டர் எடுத்தால் மிருதுவான இரும்பில் ராக்கர் குழி பறிக்கும்.

செய்ய வேண்டியது இது. பழைய ஹெட்டையும் புதிய ஹெட்டையும் மேசையில் வைத்து, ஷாஃப்டைத் தாங்கும் ராக்கர் பிராக்கெட் உட்காரும் பரப்பிலிருந்து வால்வு முனை வரை உள்ள உயரத்தை ஆழமானியால் எட்டு வால்வுக்கும் எடுங்கள். பழைய ஹெட்டில் இன்லெட் வால்வை நம்புங்கள். நாட்டில் 2000ஆம் ஆண்டு ஈயப் பெட்ரோல் நின்ற பிறகு எக்ஸாஸ்ட் சீட் உள்வாங்கி அந்த முனைகள் கொஞ்சம் உயர்ந்திருக்கக்கூடும். ஒரு பழைய வால்வையும் புது வால்வையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, மொத்த நீளத்தையும் முனையிலிருந்து காலெட் பள்ளம் (ஸ்பிரிங்கை வால்வில் பிடிக்கும் பூட்டு அமரும் இடம்) வரை உள்ள தூரத்தையும் பாருங்கள்.

டிக் சத்தத்துக்கு, ஐந்தாவது புஷ்ராடை உருவி அதன் மேல் கிண்ணத்தின் விளிம்பைப் பாருங்கள். பிறை போல ஒரு பளபளப்பு இருந்தால், விளிம்பு ராக்கரின் வயிற்றில் இடிக்கிறது. ஸ்க்ரூ அவ்வளவு மேலே போனால் இடிக்கத்தான் செய்யும்.

கோத்தகிரி டாக்சி

கம்ப்ரஷனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 105 என்று பயப்பட வேண்டாம். குன்னூர் ஏறக்குறைய 1850 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஊட்டியில் இன்னும் குறைவு. இதே இன்ஜின் கீழே மேட்டுப்பாளையத்தில் 130க்குப் பக்கத்தில் காட்டும். நான்கும் ஒத்திருப்பதுதான் முக்கியம். இங்கே குறைவாகக் காட்டுகிறது என்று ஹெட்டை மேலும் ஃபேஸிங் செய்து ஏற்றிவிட்டு, சமவெளியில் வெயிலில் இன்ஜின் தட்டித் தட்டிப் பிஸ்டன் போன வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

புகை இறக்கத்துக்குப் பின் மட்டும் வருவதால் அது வால்வு வழியாக இறங்கும் எண்ணெய்தான். ஆக்சிலேட்டரை விட்டு கியரில் இறங்கும்போது இன்லெட் மேனிஃபோல்டில் உறிஞ்சல் கடுமையாக இருக்கும், கைடு வழியே எண்ணெயை இழுக்கும். வால்வுத் தண்டில் காலெட்டுக்குக் கீழே ஒரு சிறிய ரப்பர் வளையம் உண்டு. எட்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்தில் விட்டுவிடுவார்கள்.

பழைய மார்க் 3, குன்னூர்

ஐயா, பழைய ஹெட் கொட்டகையில் சாக்குக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. ஞாயிறு முழுதும் அளந்தேன்.

எட்டு வால்வுகளும் பழையதைவிட உயரம். குறைந்தது 1.4 மில்லிமீட்டர், அதிகம் 1.6. புது வால்வின் மொத்த நீளம் பழையதைவிட 1.5 அதிகம். முனையிலிருந்து காலெட் பள்ளம் வரை இரண்டிலும் ஒரே அளவு. ஐந்தாவது புஷ்ராடின் கிண்ண விளிம்பில் நீங்கள் சொன்ன பிறை அப்படியே இருக்கிறது, நகத்தால் தடவினால் உணர முடிகிறது. ராக்கரின் அடியிலும் அதற்கு நேராக ஒரு வெள்ளைக் கீறல். ரப்பர் வளையம் இரண்டு இன்லெட்டில் இல்லவே இல்லை.

கைடுகளில் ஆட்டம் கைக்குத் தெரியும் அளவில் இல்லை. இப்போது வேறு வால்வு தேடுவதா, பிராக்கெட்டுக்கு அடியில் ஷிம் (உயரம் கூட்டும் தகடு) வைப்பதா?

அரவங்காடு ஃபிட்டர்

எட்டும் ஒரே சீராக உயர்ந்திருப்பது உங்கள் நல்ல காலம். ஒவ்வொன்றும் ஒரு அளவில் இருந்திருந்தால் ஷிம்மால் தீராது, சீட்டையே மறுபடி செய்ய வேண்டியிருக்கும். சரியான நீளத்தில் வால்வு கிடைத்தால் அதுதான் முதல் தரமான தீர்வு. கிடைக்காவிட்டால் நான்கு ராக்கர் பிராக்கெட்டுக்கும் அடியில் 1.5 மில்லிமீட்டர் ஷிம் வையுங்கள்.

பள்ளமும் சேர்ந்து மேலே போயிருப்பதால் வால்வு ஸ்பிரிங் 1.5 மில்லிமீட்டர் தளர்ந்து நிற்கிறது. ஆகவே ஸ்பிரிங்குக்கு அடியிலும் அதே கனத்தில் வளையம் வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து நான் சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். இந்த இன்ஜினில் ராக்கருக்கு எண்ணெய் பின்பக்க பிராக்கெட் வழியாகத்தான் ஏறுகிறது. கேம் ஷாஃப்டின் பின் பேரிங்கிலிருந்து பிளாக், ஹெட் வழியாக வந்து அந்த பிராக்கெட்டின் அடித்துளைக்குள் நுழைகிறது. மற்ற மூன்று ஷிம்முக்கும் ஸ்டட் துளை போதும். பின்பக்க ஷிம்முக்கு எண்ணெய்த் துளை கட்டாயம் வேண்டும். என் மார்க் 2க்கு முதல் முறை ஷிம் வைத்தபோது நான்கையும் ஒரே அச்சில் வெட்டி மாட்டினேன். அரவங்காட்டிலிருந்து கேத்தி தாண்டுவதற்குள் ராக்கர்கள் கிறீச்சிட ஆரம்பித்தன. மூடியைத் திறந்தபோது ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. ஷாஃப்ட் இரண்டு இடத்தில் நீலம் பாய்ந்து, விரல் வைத்தால் வரிவரியாக உறுத்தியது. நல்ல ஷாஃப்ட் ஒன்றை என் கையாலேயே கெடுத்தேன். அதற்குப் பிறகு, மூடியைப் போடுவதற்கு முன் இன்ஜினைச் சும்மா ஓட விட்டு, எட்டு ராக்கரிலும் எண்ணெய் கசிவதைக் கண்ணால் பார்க்காமல் நான் எந்த வண்டியையும் வெளியே விட்டதில்லை.

பிராக்கெட்டின் ஒரு பக்க நட்டுகள் ஹெட் ஸ்டட்டிலேயே இருக்கின்றன. ராக்கரை மட்டும் கழற்றுவதாக நினைத்து அந்த நான்கை மட்டும் தளர்த்தினால் ஹெட் வளையும், தண்ணீர் எண்ணெய்க்குள் போகும். ரேடியேட்டரை வடித்துவிட்டு, எல்லா ஹெட் நட்டுகளையும் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். நீங்கள் ஸ்பிரிங்குக்கும் வளையம் போட வேண்டியிருப்பதால் ஹெட்டைக் கழற்றிப் புது கேஸ்கட் போடுவதே நல்லது. ஷிம் வைத்த பிறகு நட்டு முழு மரையும் பிடிக்கிறதா என்றும் பாருங்கள்.

ஷாஃப்ட் 1.5 உயரும், ஃபேஸிங்கில் 0.5 இறங்கியிருக்கிறது. ஆகமொத்தம் பழைய நிலையைவிட ஒரு மில்லிமீட்டர்தான் உயரம். அது ஸ்க்ரூவின் ஓட்டத்துக்குள் அடங்கிவிடும். புஷ்ராடை வெட்டியிருந்தால் இப்போது அது எட்டாமல் நின்றிருக்கும்.

மேட்டுப்பாளையம் லேத்

ஃபிட்டர் ஐயா சொல்வது சரி. ஸ்க்ரூவை மட்டும் பார்த்துச் சொல்லிவிட்டேன், தடத்தைப் பற்றி எழுதியிருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். ஷிம் நான் செய்து தருகிறேன். மெல்லிய தகடுகளை அடுக்க வேண்டாம், அடுக்கினால் நாளடைவில் அமுங்கி நட்டு தளரும். ஒரே துண்டு ஸ்டீல், இரண்டு முகமும் சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்து தருகிறேன். பின்பக்க ஷிம்முக்கு அளவெடுக்க பிராக்கெட்டையே கொண்டுவாருங்கள். துளையை அதை வைத்தே குறித்துக்கொள்வேன்.

பழைய மார்க் 3, குன்னூர்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். ஷிம், ஸ்பிரிங் வளையம், எட்டு ரப்பர் வளையம், புது கேஸ்கட், கிண்ணம் அடிபட்ட அந்தப் புஷ்ராடுக்குப் பதில் வேறொன்று, எல்லாம் போட்டாகிவிட்டது. வால்வு முனைகளில் மார்க்கர் பூசி, பிளக்குகளைக் கழற்றி, கையால் இன்ஜினைச் சுற்றிப் பார்த்தேன். முன்பு பாதி முனையை மூடிய தடம் இப்போது ஒரு தீக்குச்சி அகலம்கூட இல்லை. ஏழு வால்வில் நடுவில் விழுகிறது. இரண்டாவது வால்வில் மட்டும் சற்றே வெளிப்புறம் தள்ளி விழுகிறது, ஆனால் மெல்லியதாகத்தான் இருக்கிறது. டேப்பெட் ஸ்க்ரூவில் இப்போது ராக்கருக்குக் கீழே நான்கு மரை தெரிகிறது. பின்னாலிருந்து முன்னால் வரை ஒவ்வொரு ராக்கராக எண்ணெய் ஏறியதைப் பார்த்த பிறகே மூடியைப் போட்டேன்.

நேற்று கல்லாறு வரை இறங்கி ஏறினேன். டிக் சத்தம் இல்லை. புகையும் வரவில்லை. அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

அரவங்காடு ஃபிட்டர்

தடம் மெல்லியதாக இருந்தால் சற்றுத் தள்ளி விழுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். நடுவில் விழும் அகலத் தடத்தைவிட அது மேல்.

500 கிலோமீட்டரில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஹெட் நட்டுகளை வரிசைப்படி மறுபடி இறுக்குங்கள். கேஸ்கட் அமுங்குவதால் டேப்பெட் இடைவெளி குறைந்திருக்கும், உடனே அதையும் பாருங்கள். ஒன்பதுக் கணக்கு தெரியும் அல்லவா? எட்டாவது வால்வு முழுதும் திறந்திருக்கும்போது முதலாவது, ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவது, இப்படிக் கூட்டினால் ஒன்பது வர வேண்டும்.

அந்தப் பழைய ஹெட் உங்களுக்கு இடைஞ்சலாக இருந்தால் என்னிடம் கொடுங்கள். இந்த மலையில் இன்னும் சில மார்க் 3 ஓடுகின்றன, அளவெடுக்கத் தேவைப்படும்.