தடை போட்ட தளம் இன்னும் எப்படித் திறக்கிறது?

கோவில்பட்டிக்காரன்:
பையன் ஒன்பதாவது படிக்கிறான். ஆபாசத் தளங்களை எல்லாம் அரசு 2018-லேயே முடக்கிவிட்டது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். அவன் போனில் ஹிஸ்டரியைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. வீட்டில் ஃபைபர் இணைப்பு. இந்தத் தடையால் என்னதான் பயன்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கேபிள் அண்ணன், திருச்சி:
சார், நான் பிராட்பேண்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். தடை என்பது எங்களைப் பொறுத்தவரை ஒரு பெயர்ப் பட்டியல், அவ்வளவுதான். 2015-ல் 857 பெயர்கள். ஊரே கத்தியதும் சில நாளிலேயே பின்வாங்கினார்கள். 2018-ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் அதையே மறுபடி கையிலெடுக்க, இந்தமுறை 827 வந்தது. மீதி 30 தளங்களில் ஆபாசமே இல்லையாம்! முதல் பட்டியலை எந்த லட்சணத்தில் தயாரித்திருப்பார்கள் பாருங்கள்.

டாட் காமை மூடியதும் பார்ன்ஹப் என்ற ஆபாசத் தளம் டாட் நெட்டில் கடை விரித்தது. பட்டியலில் இல்லாத பெயரை நாங்கள் தொட மாட்டோம். பல இடங்களில் டிஎன்எஸ்ஸில், அதாவது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் முகவரியைச் சொல்லும் டைரக்டரியில், மட்டும்தான் மறிப்பார்கள். போனில் வேறு டிஎன்எஸ் போட்டால் தளம் திறந்துவிடும். கொஞ்சம் கெட்டியாக மறித்தாலும், எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்று எங்களுக்குத் தெரியாமல் வேறு சர்வர் வழியாகச் சுற்றிப் போக விபிஎன் இருக்கிறது, அதுவும் இலவசமாக. தெரியாமல் லிங்கைத் தட்டுகிறவர்களை வேண்டுமானால் இந்தத் தடை நிறுத்தும். ஒன்பதாவது படிக்கிற பையனை நிறுத்தாது.

அரசை நம்பாமல் ரௌட்டரில் டிஎன்எஸ்ஸை 1.1.1.3 என்று மாற்றுங்கள். ஆபாசத் தளங்களை வடிகட்டுவதற்கென்றே கிளவுட்ஃப்ளேர் இலவசமாகத் தருவது அது.

ஈஸ்ட்ஹாம் தமிழன்:
இங்கே பிரிட்டனில் 2025 ஜூலையிலிருந்து வயதை நிரூபித்தால்தான் உள்ளே விட வேண்டும் என்று சட்டம். அந்த வாரமே ஆப் ஸ்டோரில் விபிஎன் ஆப்கள் முதலிடத்துக்குப் போய்விட்டன.

வக்கீல் குமாஸ்தா:
ஒன்றை மட்டும் கவனியுங்கள். பெரியவர்கள் தனியாகப் பார்ப்பது இங்கே குற்றமில்லை. சிறுவர்களை வைத்து எடுத்தது என்றால் கதையே வேறு. அப்படிப்பட்ட வீடியோவைப் போனில் வைத்திருந்த அம்பத்தூர் இளைஞர் மீதான வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மாற்றிவிட்டது. 'யாருக்கும் அனுப்பவில்லை, போனில்தான் இருந்தது' என்று சொல்லித் தப்பிப்பது கஷ்டம். வாட்ஸ்அப் குரூப்பில் தானாக இறங்கும் வீடியோக்கள் விஷயத்திலும் ஜாக்கிரதையாக இருங்கள்.

கோவில்பட்டிக்காரன்:
ரௌட்டரில் மாற்றிவிட்டேன். வைஃபையில் திறக்கவில்லை. மொபைல் டேட்டாவில் திறக்கிறதே அண்ணா?

கேபிள் அண்ணன், திருச்சி:
திறக்கத்தான் செய்யும், அது எங்கள் வயரில் வருவதில்லையே. போனில் ஃபேமிலி லிங்க் போடுங்கள், பிள்ளைகளின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்துவதற்கான கூகுள் ஆப் அது. அப்புறம், பையனிடம் சொல்லிவிட்டே போடுங்கள். திருட்டுத்தனமாகப் போட்டால் கழற்றுவதற்கு வழி தேடுவான்.