புதுப்பிப்பு: ஓவர்ஃப்ளோ சத்தம், சம்ப் வழிதல் இரண்டும் தீர்ந்தன

நாலடி மீன் தொட்டியின் ஓவர்ஃப்ளோ பெட்டியில் (மேல்மட்டத் தண்ணீர் வழிந்து விழும் அறை) தண்ணீர் ஏறி ஏறி இறங்குகிறது, குழாய் களகளவென்று உறிஞ்சுகிறது, கரண்ட் போனால் கீழே சம்ப் (அந்தத் தண்ணீர் இறங்கிச் சேரும் தொட்டி, பம்ப் அங்கிருந்து மேலே ஏற்றும்) வழிகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சத்தத்தைத் தீர்த்தது, பெட்டியிலிருந்து சம்புக்கு வரும் இறங்கு குழாயில் கேட் வால்வு (பல சுற்றில் மெல்ல மூடும் வால்வு) போடச் சொன்ன யோசனை. காற்றும் தண்ணீரும் கலந்து இறங்கியதுதான் கோளாறு. வால்வைக் கால் சுற்று, கால் சுற்றாக மூடிக்கொண்டே வந்தால் குழாய் வாய்க்கு மேல் தண்ணீர் நின்று, காற்றே இல்லாமல் இறங்குகிறது. கால் திருப்பிலேயே முழுதும் மூடும் பால் வால்வு (ball valve) வேண்டாம், அதை லேசாகத் திருப்பினாலே மட்டம் விரலளவு மாறிவிடும். பெட்டியிலுள்ள இரண்டாவது இறங்கு குழாயை 4 செ.மீ. உயர்த்தி, வால்வு இல்லாமல் விட்டேன். முதல் குழாயில் நத்தை அடைத்தாலும் அது காப்பாற்றும்.

சம்ப் வழிந்ததற்குக் காரணம், பம்ப் குழாயின் வாய் தொட்டியில் 5 செ.மீ. மூழ்கியிருந்தது. பம்ப் நின்றதும் அந்த மட்டம் வரை தண்ணீர் அதே குழாய் வழியே தானாகக் கீழே உறிஞ்சப்பட்டது (சைஃபன்). 120 × 45 செ.மீ. பரப்புக்கு அதுவே 27 லிட்டர்! நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 4 மி.மீ. துளை போட்டதும், காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடுகிறது. துளையில் பாசி அடைக்கும், வாரம் ஒருமுறை குத்திவிடுங்கள்.

எதிர்பாராதது ஒன்று: கரண்ட் திரும்பியதும் இறங்கு குழாயில் சைஃபன் (காற்றில்லாத முழு ஓட்டம்) பிடிக்கவில்லை. இறங்கு குழாயின் நுனி சம்ப் தண்ணீரில் 10 செ.மீ. ஆழத்தில் இருந்ததால், உள்ளே சிக்கிய காற்று வெளியேறவில்லை. 2 செ.மீ. மட்டும் மூழ்கும்படி அறுத்தேன். இப்போது இரண்டே நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறது.

சம்பில் தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் பம்பின் ஓட்டமும் குறையும், பெட்டியின் மட்டம் இறங்கும். முதலில் தண்ணீரை நிரப்புங்கள், பிறகு வால்வைத் தொடுங்கள்.