புதுப்பிப்பு: ஆஸ்டியோபதி நிபுணரிடம் முதல் சந்திப்பு முடிந்தது

கீழ்முதுகு வலிக்காக ஆஸ்டியோபதி நிபுணரை (தசைகளையும் மூட்டுகளையும் கைகளாலேயே சோதித்துச் சிகிச்சை தருபவர்) முதன்முறை பார்க்கப் போகிறேன், எப்படித் தயாராவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பெரிதும் கைகொடுத்தது, மருந்துப் பட்டியலை எழுதி எடுத்துப்போகச் சொன்ன யோசனைதான். ரத்தம் உறையாமலிருக்க நான் சாப்பிடும் மாத்திரையின் பெயரைப் படித்ததும், முதுகெலும்பைச் சட்டென்று சொடுக்கும் முறையைத் தவிர்த்துவிட்டு, தசைகளை மெதுவாக அழுத்தி நீவினார். எலும்பு அடர்த்தி குறைந்தவர்களும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தளர்வான உடையும் உதவியது. குனிய, திரும்ப, ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். பழைய எக்ஸ்ரேயை ஒருமுறை பார்த்தார், அவ்வளவே.

எதிர்பாராதது: வலி முதுகில், அவர் நெடுநேரம் சோதித்ததோ இடுப்பு மூட்டையும் கணுக்காலையும். மறுநாள் உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல் இருந்தது. ஓரிரு நாளில் தணியும் என்றார், தணிந்தது. கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லியிருக்கிறார்.