டிஃப்பில் மறைந்த ஒரு வரி: கோட் தளத்தில் உங்களை இன்னும் உறுத்தும் பக் எது?

வேப்பம்பூ எழுதியது:

நடந்து இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. எங்கள் அலுவலகத்தில் சொந்த சர்வரில் ஒரு திறமூலக் கோட் தளம் ஓடுகிறது. மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட், அதைச் சரிபார்க்கும் ரிவ்யூ, கோடில் சேர்க்கும் மெர்ஜ் எல்லாம் அதில்தான். எந்த வரி மாறியது என்று சிவப்பிலும் பச்சையிலும் காட்டும் டிஃப் பக்கத்தில் 'வெற்றிட மாற்றங்களை மறை' (இடைவெளி மட்டும் மாறிய வரிகளைக் காட்டாதே) என்று ஒரு டிக் இருக்குமே, அதுதான் விஷயம்.

எப்போதோ ஒரு பெரிய ஃபார்மேட்டிங் ரிவ்யூவுக்காக அதை டிக் செய்திருந்தேன். தளம் அதை என் கணக்கில் நினைவு வைத்துக்கொண்டது. எனக்கு மறந்தே போனது. சில வாரம் கழித்து டீமுக்குப் புதிதாக வந்த தம்பி ஒரு பைத்தான் கோப்பில் மாற்றம் அனுப்பினார். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு புது லாக் வரி. அப்ரூவ் செய்தேன். ஆனால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள் இருந்த சேமிக்கும் வரி நான்கு இடைவெளி இடப்பக்கம் நகர்ந்து லூப்புக்கு வெளியே போயிருந்தது. பைத்தானில் வரியின் முன்னால் உள்ள இடைவெளிதான் லூப்பின் எல்லை. அன்று இரவு பில்லிங் ஓடி முடிந்தபோது கடைசி வாடிக்கையாளரின் பில் மட்டும்தான் சேமிக்கப்பட்டிருந்தது.

மறுநாள் காலை இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அதே புல் ரிக்வெஸ்டைத் திறந்தோம். அவர் திரையில் அந்த வரி சிவப்பும் பச்சையுமாக இருக்கிறது. என் திரையில் நிறமே இல்லை. "அக்கா, உங்க ஸ்கிரீன்ல அந்த வரி மாறவே இல்லையே" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஏனென்றால் அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் நான் அவரைத்தான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூலக் குறியீடு திறந்தே கிடப்பதால் நானே ஒரு ஃபிக்ஸ் எழுதி அனுப்பினேன். டிஃப்புக்கு மேலே மஞ்சள் பட்டை: 'வெற்றிட மாற்றங்கள் மறைக்கப்பட்டுள்ளன, 2 வரிகள் காட்டப்படவில்லை'. அந்த எண்ணைச் சொல்ல டிஃப்பை இரண்டு தடவை ஓட்ட வேண்டும், வெற்றிடத்தோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. பெரிய புல் ரிக்வெஸ்டில் பக்கம் மெதுவாகும் என்றார்கள் தளத்தைப் பராமரிப்பவர்கள். நியாயமான கவலைதான். முழு டிஃப்புக்குப் பதில் கோப்பு வாரியாக வரி எண்ணிக்கையை மட்டும் இரு முறை எடுத்து ஒப்பிட்டேன். மூன்று மாதம் கழித்து மெர்ஜ் ஆனது.

ஆனால் பிரச்சினையைப் பதிந்த இஷ்யூவில் நான் போட்டிருந்த 'பக்' லேபிளை எடுத்துவிட்டு 'மேம்பாடு' என்று மாற்றிவிட்டார்கள். அதை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை.

---

நடுநிசிடீ எழுதியது:

மன்னிக்கவும் வேப்பம்பூ, லேபிளை மாற்றியது சரி என்பது என் கருத்து. மறைக்கச் சொன்னீர்கள், மறைத்தது. கருவி சொன்னதைச் செய்தால் அது பக் ஆகாது.

என் கதை சின்னது. புது சர்வரில் கோட் தளம் நிறுவினேன். சின்ன கமிட் (பதிந்த மாற்றத் தொகுப்பு) எல்லாம் சர்வருக்குப் புஷ் ஆகிறது. படங்கள் சேர்த்த ஒரு கமிட் மட்டும் புஷ் ஆகவில்லை, 413 என்று பிழை. தளத்தின் பக் என்று நம்பி நீளமாக இஷ்யூ எழுதினேன். பத்து நிமிடத்தில் ஒருவர் ஒரே வரியில் கேட்டார்: "முன்னால் என்ஜின்எக்ஸ் இருக்கிறதா?" இருந்தது, தளத்துக்கு வரும் கோரிக்கைகளை முதலில் வாங்கி அனுப்பும் சர்வர் அது. கோரிக்கையின் அளவு 1 எம்பியைத் தாண்டினால் திருப்பி அனுப்புவது அதன் இயல்பு அமைப்பு. நான் குறை சொன்ன தளத்துக்கு அந்தக் கோரிக்கை வந்து சேரவே இல்லை. அந்த இஷ்யூவை நானே மூடினேன்.

அதனால் இஷ்யூ எழுதும் எல்லோருக்கும் சொல்கிறேன். முதலில் பதிப்பு எண்ணை எழுதுங்கள், 'லேட்டஸ்ட்' என்று எழுதாதீர்கள், நாளைக்கே அது வேறொன்றாகிவிடும். பிரவுசரின் பிரைவேட் விண்டோவில் ஒரு தடவை பாருங்கள், பாதிப் பிழை பிரவுசர் சேமித்து வைத்த பழைய கேஷில்தான் இருக்கும். எச்டிடிபிஎஸ் வழியாகப் போகாத புஷ் எஸ்எஸ்எச் என்ற இன்னொரு வழியாகப் போகிறதா பாருங்கள். போனால் என்ஜின்எக்ஸ் மாதிரி நடுவில் இருக்கும் ப்ராக்ஸியைச் சந்தேகப்படுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போடாமல் பிழைச் செய்தியை எழுத்தாகவும் ஒட்டுங்கள், அடுத்தவர் தேடும்போது கிடைக்கும். முந்தைய ரிலீஸில் சரியாக இருந்ததென்றால் கிட் பைசெக்ட் ஓட்டுங்கள், கோடின் வரலாற்றை வைத்திருக்கும் கிட் கருவி கமிட்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும். ஆயிரம் கமிட் இருந்தாலும் சுமார் பத்துச் சோதனையில் உடைத்த கமிட் எதுவென்று காட்டிவிடும். ஒவ்வொரு கமிட்டும் தனியாக பில்ட் ஆக வேண்டும், அது முக்கியம். இதையெல்லாம் செய்த பிறகும் பிழை இருந்தால் அப்புறம் 'பக்' லேபிள் போடுங்கள்.

---

கால்வாங்கி எழுதியது:

நான் ஒரு தளத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் வேலை செய்தபோது நடந்தது. கமிட் தலைப்பு நீளமாக இருந்தால் பட்டியலில் வெட்டிக் காட்டும். தமிழ்த் தலைப்புகள் எல்லாம் கடைசியில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியோடு முடிந்தன. பைட் கணக்கில் வெட்டினால் அப்படித்தான். எழுத்தைப் பைட்டாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒவ்வொரு குறியும் 3 பைட், நடுவில் கத்தி விழுகிறது.

யுனிகோட் குறிகளை எண்ணி வெட்டும்படி மாற்றி அனுப்பினேன். வைரம் போய்விட்டது. மகிழ்ச்சியோடு பார்த்தால் 'கோ' வரும் இடத்தில் 'க' நிற்கிறது, யுனிகோடில் 'க' ஒரு குறி, ஓகாரம் இன்னொரு குறி. படம் வைக்காதவர்களுக்குப் பெயரின் முதல் எழுத்தைக் காட்டும் வட்டத்திலும் அதே கதை: கோமதிக்கு 'க', முருகனுக்கு 'ம'.

ரிவ்யூ செய்தவருக்குத் தமிழ் தெரியாது. "இந்தச் சொல்லில் எத்தனை எழுத்து?" என்று 'கோவை'யை ஒட்டிக் கேட்டார். பதில் எழுத உட்கார்ந்தேன். 12 பைட். 4 யுனிகோட் குறி. படிப்பவருக்கு 2 எழுத்து. மூன்றையும் எழுதி, மூன்றாவதுதான் எங்களுக்கு வேண்டும் என்றேன். மறுநாள் பார்த்தால் அவரே டெஸ்ட் எழுதி வைத்திருந்தார், தமிழுக்கு மட்டுமல்ல, இந்திக்கும் தாய்லாந்து மொழிக்கும் சேர்த்து. அந்தப் பக்கத்தை எத்தனை தடவை திறந்து பார்த்திருப்பேன் என்று தெரியாது.

தேடலில் இதைவிடச் சிக்கலான ஒன்று இருந்தது. ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைச்சுழிக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தேடினால் கிடைக்காது. சேமிக்கும்போதும் தேடும்போதும் ஒரே வடிவத்துக்கு மாற்றினால் தீர்ந்துவிடும்.

இன்னொன்று, டெர்மினலில் தமிழ்க் கோப்புப் பெயர் 340, 256, 225 என்று எண்ணாக வந்தால் கோப்பு கெடவில்லை. கிட்டின் கோர் கோட்பாத் (core.quotePath) அமைப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள், தமிழாகவே வரும்.

நடுநிசிடீ, பைட் கணக்கில் வெட்டச் சொன்னார்கள், அது வெட்டியது. உங்கள் கணக்கில் இதுவும் பக் இல்லையா?

---

நடுநிசிடீ எழுதியது:

அது பக்தான் தோழர். படிக்க முடியாத எழுத்து வருகிறதே. அமைப்பை மாற்றிவிட்டு மறந்துபோவதை அதோடு சேர்க்க மாட்டேன்.

---

தெற்குவாசல் எழுதியது:

சேர்க்கத்தான் வேண்டும். எனக்கு நடந்தது அதே குடும்பம். ஒரு புல் ரிக்வெஸ்டை வரி வரியாகப் பார்த்து வெள்ளிக்கிழமை மாலை அப்ரூவ் செய்தேன். அதன் பிறகு அனுப்பியவர் இன்னும் இரண்டு கமிட் புஷ் செய்தார். என் பச்சை டிக் அசையவில்லை. திங்கட்கிழமை மெர்ஜ் ஆகிப் பிரச்சினை வந்தபோது, நான் கண்ணால் பார்க்காத கோடின் பக்கத்தில் என் பெயர் இருந்தது. புது கமிட் வந்தால் பழைய ஒப்புதலை நீக்கும் வசதி இருக்கிறது, ஆனால் நாங்கள் வைத்திருந்த தளத்தில் இயல்பாக அது அணைந்திருந்தது. கெரிட் என்ற ரிவ்யூ தளத்தில் ஓட்டு அந்தந்த பேட்ச் செட்டோடு, அதாவது மாற்றத்தின் அந்தந்தப் பதிப்போடு கட்டப்பட்டது. கோட் மாறினால் திரும்பக் கேட்கும். முதலில் தொல்லையாகத் தெரியும், எனக்கு இப்போது அதுதான் பிடித்திருக்கிறது.

அப்புறம் லேபிள் பற்றி. லேபிள் வெறும் சொல் இல்லை. 'பக்' என்றால் அடுத்த சின்ன ரிலீஸிலேயே வரும், பழைய பதிப்புக்கும் கொண்டுபோவார்கள். 'மேம்பாடு' என்றால் வரிசையில் நிற்க வேண்டும். 2016 ஜனவரியில் திறமூலத் திட்டங்களைப் பராமரிப்பவர்கள் சேர்ந்து கோட் தளமான கிட்ஹப்புக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். இஷ்யூவுக்கு அடியில் 'பிளஸ் ஒன்' என்று மட்டும் போட்டுப் போகிறார்கள், அது ஒவ்வொன்றும் எங்களுக்கு அறிவிப்பாக வருகிறது, ஓட்டுப் போட ஒரு வழி வேண்டும் என்று கேட்டார்கள். மார்ச் மாதமே கருத்துகளுக்குக் கட்டைவிரல் குறி வந்துவிட்டது. அது மேம்பாடுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆட்கள் அத்தனை பேர் சேர்ந்து கேட்டதால்தான் வந்தது. தனி ஒருவராக வேப்பம்பூ கேட்டதற்கு மூன்று மாதம்.

---

வேப்பம்பூ எழுதியது:

நன்றி தெற்குவாசல். நடுநிசிடீ, உங்கள் 413 பதிலைப் படித்துவிட்டு எங்கள் சர்வரைப் பார்த்தேன், அதே 1 எம்பிதான் இருந்தது. மாற்றிவிட்டேன், நன்றி. லேபிள் விஷயத்தில் மட்டும் நான் இன்னும் அங்கேயேதான் நிற்கிறேன்.

அந்தத் தம்பி இப்போது வேறு வேலைக்குப் போய்விட்டார். அங்கேயும் அதே தளம்தானாம். மஞ்சள் பட்டை வந்த அன்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார், 'மறைக்கப்பட்டவை: 7 வரிகள்' என்று.