அப்பா பெயரில் வீட்டுப் பத்திரம் இருக்கு, உறுதி (காணி உரிமை ஆவணம்) எழுதலாமா? (கொழும்பு, தெமட்டகொடை)

தோட்டத்துப் பிள்ளை:
தோட்டத்தில் (நகரத்துச் சிறு வீடுகள் நெருங்கிய குடியிருப்பு) ஒன்றரை பேர்ச் (காணி அளவு) வீடு. உறுதி இல்லை. வீடமைப்பு அதிகார சபை 1986இல் அப்பா பெயருக்குக் கொடுத்த அனுமதிப் பத்திரம், கரண்ட் பில், வாக்காளர் இடாப்புப் பிரதி இருக்கு. அப்பா இப்போ இல்லை. அம்மா, நாங்க மூன்று பேர். பத்து வருஷம் குடியிருந்தா பிரகடன உறுதி, அதாவது காணி எங்களுடையது என்று நாங்களே அறிவிக்கிற உறுதி, எழுதலாம் என்று ஒருத்தர் 75,000 ரூபா கேக்கிறார். எழுதலாமா?

புதுக்கடை அண்ணன்:
காசைக் கொடுக்காதீங்க தங்கச்சி. பத்து வருஷக் கணக்கு 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் வருது. அதே சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி அது அரசுக்கு எதிராகச் செல்லாது. தனியார் காணியா இருந்தாலும், அனுமதியோட இருக்கிறவர் உரிமையாளருக்கு எதிராகக் காணியைத் தன் வசம் வைத்திருந்ததாகச் சொல்ல முடியாது. நீங்களே எழுதின பிரகடனம் உரிமையை உண்டாக்காது. கையிலிருக்கிற பத்திரத்தையும் பலவீனமாக்கும். உங்க பலமே அந்தப் பத்திரம்தான்.

மருதானை அக்கா:
முதல்ல காணி யாருடையது என்று எழுத்தில் எடுங்க. கிராம சேவகர் வாயால் சொன்னது போதாது. 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் நகர அபிவிருத்தி அதிகார சபை, வீடமைப்பு அதிகார சபை, பிரதேச செயலகம் மூன்றுக்கும் தமிழிலேயே எழுதுங்க. 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லணும். தோட்டத்து வீட்டிலக்கம் மட்டும் எழுதினா 'தகவல் இல்லை' என்று திரும்பி வரக்கூடும். பத்திர இலக்கம், நில அளவைப் படத்தின் இலக்கம், சோலை வரி (மாநகர சபை வீட்டு வரி) இலக்கம் எது இருந்தாலும் போடுங்க. ஒப்படைச்சதுக்கு எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்குங்க.

அதோட பத்திரத்தை அம்மா பெயருக்கு மாற்றக் கேளுங்க. இறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பிள்ளைகள் மூவரும் சம்மதிக்கும் சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து கையெழுத்திட்ட கூற்று) இணைக்கணும். மூலப் பத்திரத்தை யார் கையிலும் விடாதீங்க, லெமினேட்டும் பண்ணாதீங்க. முத்திரை, கையொப்பத்தைச் சோதிக்க முடியாமப் போயிடும்.

தோட்டத்துப் பிள்ளை:
அதுக்குள்ள வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்தா?

புதுக்கடை அண்ணன்:
அரச காணி என்றால், அது அரச காணியை மீட்கும் 1979ஆம் ஆண்டு 7ஆம் இலக்கச் சட்டம். குறைஞ்சது 30 நாள் தரணும். போகாவிட்டால் மஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்துக்குப் போகும். அங்க செல்லுபடியாகும் அனுமதிப் பத்திரம் அல்லது அரசின் எழுத்து அதிகாரம் காட்டினா மட்டும்தான் எதிர்ப்பு எடுபடும். எத்தனை வருஷம் இருந்தோம், பிள்ளைகள் எங்க படிக்குது என்பதைக் கேட்கமாட்டாங்க. ஏழைக் குடும்பங்களுக்கு இது கொடுமையான சட்டம். அதனாலதான் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீங்க என்கிறோம்.

நோட்டீஸே பிழை என்றால் ரிட் மனு (அதிகாரியின் முடிவை ரத்துச் செய்யக் கேட்கும் மனு). அதை மாகாண மேல் நீதிமன்றத்தில் போட்டா நிற்காது. 2013இல் ஒரு தேயிலைத் தோட்டக் காணி வழக்கில் உயர் நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளிச்சது. மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போகணும். புதுக்கடையில் இருக்கிற சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு நோட்டீஸை உறையோட கொண்டுபோங்க. தபால் முத்திரைத் திகதி கணக்குக்கு உதவும்.

மருதானை அக்கா:
இந்த வீட்டுக்குப் பதிலா மாடி வீடு தாறோம் என்றால், அது யார் பெயரில் என்பதைத் தமிழ் ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுத்தான் இப்போ இருக்கிற வீட்டுச் சாவியைக் கொடுக்கணும்.