ஜெபத்தில் கண்ணீர் வரவில்லை என்றால் பின்வாங்கிவிட்டேன் என்று அர்த்தமா?

ஜெபா_கோவை

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நெடுநாளாக மனதை உறுத்துகிற ஒன்றைக் கேட்கிறேன்.

காலேஜ் படிக்கும்போது ஒரு வாலிபர் முகாமில் இரட்சிக்கப்பட்டேன். அந்த நாட்களில் முழங்கால் போட்டாலே கண்ணீர் வரும். ஹாஸ்டல் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு சங்கீதத்தை எடுத்தால், மெஸ்ஸில் மணி அடிப்பதுகூடக் காதில் விழாது.

இப்போது கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அத்தைக்கு மறதி நோய். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ராத்திரி எழுந்து, ஒரு கையில் மஞ்சள் பையும் இன்னொரு கையில் செருப்புமாக வாசலில் நின்று, "கடைசி பஸ் போயிரும், கதவைத் திற" என்பார்கள். அவர்களைப் படுக்கவைத்துவிட்டு நான் படுத்தால் விடிந்துவிடும். காலையில் வேதத்தைத் திறக்கிறேன், வாசிக்கிறேன், ஒன்றும் உள்ளே இறங்குவதில்லை. ஜெபமும் உதட்டோடு நின்றுவிடுகிறது.

எங்கள் ஜெபக்குழுவில் மூத்த அக்கா ஒருவர், "நீ ஆதி அன்பை விட்டுட்ட, அதுதான் காரணம்" என்று சொல்லி, 21 நாள் உபவாசம் எடுக்கச் சொன்னார். அன்றிலிருந்து பயமாக இருக்கிறது. சபையை விடவில்லை, ஜெபத்தையும் விடவில்லை. அந்த இனிமை மட்டும் இல்லை. வளர்வது என்றால் தேவனை நாளுக்கு நாள் இன்னும் கிட்டத்தில் உணர்வது என்றுதான் நினைத்திருந்தேன். நான் வளருகிறேனா, தேய்கிறேனா? எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

ஸ்டீபன்_ஆவடி

சகோதரி, அந்த அக்கா சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அனல் குறைவது நமக்கே தெரியாமல் நடக்கும். குளிருமின்றி அனலுமின்றி இருந்த லவோதிக்கேயா சபைக்கு ஆண்டவர் என்ன சொன்னார் என்று வெளிப்படுத்தல் 3-ல் பாருங்கள். அதிகாலை ஜெபத்தைக் கூட்டுங்கள், உபவாசம் எடுங்கள், பழைய அக்கினி திரும்ப வரும். உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

சாயர்புரம்_டீச்சர்

ஜெபா, மகளே என்றே கூப்பிடுகிறேன், எனக்கு அந்த வயது ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஓய்வுநாள் பள்ளியில் மட்டும் இன்னும் பாடம் எடுக்கிறேன்.

தம்பி ஸ்டீபனின் அக்கறை உண்மையானது. ஆனால் ஆதி அன்பைப் பற்றிய வசனத்தைப் பாதியில் நிறுத்தி யாரையும் பயமுறுத்தக் கூடாது. அது எபேசு சபைக்கு வந்த கடிதம். அப்போஸ்தலர் பவுல் மூன்று வருஷம் தங்கிப் போதித்த சபை. வெளிப்படுத்தல் எழுதப்பட்டதைப் பொதுவாகக் கி.பி. 95 வாக்கில் வைக்கிறார்கள். அப்படியானால் பவுல் அங்கே இருந்து 40 வருஷம் போல ஆகிவிட்டது. "ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய்" என்று சொன்ன ஆண்டவர், அடுத்த வசனத்திலேயே அதற்கு வழியும் சொல்கிறார்: "மனந்திரும்பி, ஆதியில் செய்த கிரியைகளைச் செய்வாயாக." ஆதியில் வந்த கண்ணீரைத் திரும்ப வரவழை என்று அங்கே இல்லை. அவர் கேட்பது கிரியை. அந்த அக்காவும் நீயும் சேர்ந்து வெளிப்படுத்தல் 2:4, 5 இரண்டையும் நிதானமாக வாசியுங்கள். அப்புறம் நீயே சொல், ராத்திரி வாசலில் நிற்கிற ஒரு வயதான அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து படுக்கவைப்பது எந்தக் கணக்கில் சேரும்?

உணர்ச்சியையும் வரங்களையும் வைத்து வளர்ச்சியை அளந்தால் கொரிந்து சபைக்குத்தான் முதல் மார்க் போட வேண்டும். ஒரு வரத்திலும் குறைவில்லாத சபை என்று பவுலே அவர்களுக்கு எழுதின முதல் கடிதத்தின் முதல் அதிகாரத்தில் எழுதுகிறார். அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம், எல்லாம் இருந்தது. அவர்களைப் பார்த்துத்தான் மூன்றாம் அதிகாரத்தில், நீங்கள் இன்னும் குழந்தைகள், உங்களுக்குப் பால்தான் கொடுக்க முடிந்தது என்கிறார். காரணம் பொறாமை, வாக்குவாதம், பேதகம். நான் பவுல் கட்சி, நான் அப்பொல்லோ கட்சி என்று சண்டை. கர்த்தருடைய பந்தியில்கூட ஒருவன் முந்திச் சாப்பிட்டுவிட, இன்னொருவன் பசியோடு இருந்தான். சபைத் தேர்தல் வந்துவிட்டால் கூடப்பிறந்த அண்ணனும் தம்பியும் முகம் பார்க்காமல் போகிறதை நானும் பார்த்து வேதனைப்பட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட இடங்களில் பாட்டுக்கோ ஜெபக்கூட்டத்துக்கோ குறைவே இருக்காது.

சங்கீதம் 131-ஐ எடுத்துப் பார். மூன்றே வசனம். "தாயின் பால்மறந்த குழந்தையைப்போல" என்று தாவீது தன் ஆத்துமாவைப் பற்றிச் சொல்கிறார். அந்தக் காலத்து எபிரெயத் தாய்மார் மூன்று வயது வரைகூடப் பால் கொடுத்திருக்கிறார்கள். அன்னாள் தன் மகன் சாமுவேலைப் பால் மறக்கப்பண்ணின பிறகுதான் சீலோவில் இருந்த ஆலயத்தில் விடக் கொண்டுபோனாள். அதனால் இது விவரம் தெரிந்த பிள்ளை. பால் மறக்கடிக்கும் நாட்கள் உனக்குத் தெரியும்தானே? வேப்பிலையை அரைத்துத் தடவிவிட்டால், பிள்ளை வாய் வைத்துப் பார்த்துவிட்டு நம் முகத்தை ஏறிட்டுப் பார்க்கும் பார் ஒரு பார்வை, இவள் ஏன் இப்படிச் செய்கிறாள் என்று. இரண்டு மூன்று ராத்திரி வீடே தூங்காது. அம்மா தன்னை வெறுத்துவிட்டாள் என்றுதான் அது நினைக்கும். ஆனால் அம்மா எங்கும் போகவில்லை, கூழும் சோறும் ஊட்ட அங்கேதான் இருக்கிறாள். கொஞ்ச நாள் கழித்து அதே பிள்ளை அதே மடியில் வந்து உட்காரும். இந்தத் தடவை பாலுக்காக வராது, அம்மாவுக்காக வரும். நீ அந்த இரண்டு மூன்று ராத்திரிக்குள் இருக்கிறாய் என்றுதான் எனக்குப் படுகிறது.

எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்று கேட்டாய். எபிரெயர் 5:14, பலமான ஆகாரம் யாருக்குத் தகும் என்று சொல்கிறது: நன்மை எது, தீமை எது என்று பகுத்தறியப் பழகினவர்களுக்கு. பழக்கம் வீட்டுக்குள்தான் வரும். அத்தை ஐந்தாவது தடவை அதையே கேட்கும்போது உன் குரல் எப்படி இருக்கிறது? கோபம் வந்தால் அது அடங்க முன்பு போல நேரம் எடுக்கிறதா, கொஞ்சம் சீக்கிரம் அடங்குகிறதா? வீட்டுக்காரர் ஒன்று சொல்லிவிட்டால் ராத்திரிக்குள் சமாதானமாகிவிட முடிகிறதா? யாரும் பார்க்காத இடத்தில் பொய் சொல்ல மனசு வராமல் இருக்கிறதா? இதையெல்லாம் ஒரு நாளில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. போன வருஷத்தையும் இந்த வருஷத்தையும் பக்கத்தில் வைத்துப் பார். உனக்கே தெரியாவிட்டால் வீட்டுக்காரரைக் கேள்.

கடைசியாக ஒன்று. ராத்தூக்கம் இல்லாமல் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கிற நீ 21 நாள் உபவாசம் எடுக்கவே கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன்.

திண்டுக்கல்_அமலி

நான் கத்தோலிக்கப் பெண். எங்கள் பக்கத்தில் இதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

16-ம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த புனித சிலுவை யோவானை அவருடைய சொந்த சபைத் துறவிகளே 1577-ல் பிடித்துக்கொண்டுபோய்த் தொலேதோ நகரில் மாதக்கணக்கில் ஒரு சிறிய அறையில் அடைத்து வைத்தார்கள். இந்த வறட்சியைப் பற்றி அவர் அளவுக்கு விவரமாக எழுதியவர்கள் குறைவு. செபத்தில் ருசியில்லாமல் போவது வளர்ச்சியா, அசதியா என்று கண்டுபிடிக்க மூன்று அடையாளங்கள் சொல்கிறார். கடவுளிடம் ருசியில்லை, அதேபோல உலகத்தில் வேறெதிலும் ருசியில்லை. கடவுளுக்குச் சரியாகப் பணி செய்யவில்லையோ என்ற கவலை மட்டும் மனதை விட்டு நீங்காது. முன்பு போல மனதில் காட்சிகளை ஓட்டித் தியானிக்கவும் முடியாது.

இரண்டாவதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். நிஜமாகவே வெதுவெதுப்பாகிப் போனவருக்கு அந்தக் கவலை வராது. அக்கா, உங்கள் கேள்வி முழுக்க அந்தக் கவலைதானே?

அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-ல் வெளிவந்தபோது பலரும் திகைத்துப்போனார்கள். கல்கத்தாவில் பணி தொடங்கிய காலத்திலிருந்தே கடவுள் பக்கத்தில் இருப்பதாக உணர முடியவில்லை என்று அதில் எழுதியிருந்தார். ஆனாலும் சாகும்வரை அந்த வேலையை விடவில்லை.

ராத்திரி_டூட்டி

நான் ஸ்டாஃப் நர்ஸ். டீச்சரம்மா சொன்னதற்கு ஆமென். உடம்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

1 இராஜாக்கள் 19-ல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கினதைப் பார்த்த அதே மனுஷன். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டார், மறுபடி படுத்தார். திரும்பவும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேப் மலையில் தேவன் பேசினது அதற்கெல்லாம் பிறகுதான்.

நீங்கள் தூங்குகிறீர்களா ஜெபா? இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல், பசியில்லாமல், படுத்தாலும் தூக்கம் வராமல், இருந்து என்ன பயன் என்ற நினைப்பும் வந்தால் அது ஆவிக்குரிய கேள்வி மட்டும் இல்லை. டாக்டரைப் பார்க்க வேண்டும். அதில் விசுவாசக் குறைவு ஒன்றும் கிடையாது.

அத்தைக்கு: பஸ் இல்லை என்று வாதாட வேண்டாம். "உங்க ஊர்ல யாரெல்லாம் இருக்காங்க, வீட்டுல என்ன மரம் இருந்துச்சு" என்று பேச்சுக் கொடுத்தபடியே உள்ளே கூட்டிவாருங்கள். மத்தியானம் நீளமாகத் தூங்க விடாதீர்கள். கதவில் ஒரு சின்ன மணி கட்டிவிடுங்கள், நீங்கள் காதைத் தீட்டிக்கொண்டே படுக்க வேண்டியிருக்காது. திடீரென்று ஓரிரு நாளில் குழப்பம் அதிகமானால் சிறுநீரில் கிருமித் தொற்று இருக்கலாம், பரிசோதனை செய்துவிடுங்கள்.

ஸ்டீபன்_ஆவடி

டீச்சர், நீங்கள் சொன்னதை வாசித்தேன். கிரியைகள் என்பது சரிதான், அதைக் கவனித்ததில்லை. இருந்தாலும் தாகத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதில் இன்னும் நிற்கிறேன். ருசி இல்லாததே நல்லது என்று யாரும் திருப்தியாக உட்கார்ந்துவிடக் கூடாது.

சகோதரி ஜெபா, வீட்டில் மறதி நோயாளி இருக்கும்போது நீண்ட உபவாசம் எடுக்கச் சொன்னதை மட்டும் விட்டுவிடுங்கள். உங்களுக்குப் பதிலாக எங்கள் குழுவில் ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் எடுக்கிறோம்.

சாயர்புரம்_டீச்சர்

தம்பி, தாகத்தைக் கேள் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. "தேவனே, என் ஆத்துமா உம்மை வாஞ்சித்துக் கதறுகிறது" என்று 42-ம் சங்கீதக்காரன் பாடினதும் தண்ணீர் கிடைக்காத நேரத்தில்தான். கேட்டுக்கொண்டே இருக்கலாம். கிடைக்காத நாளில் அவளைக் குற்றவாளியாக நிறுத்த வேண்டாம், அவ்வளவுதான். உங்கள் வெள்ளிக்கிழமை உபவாசத்துக்கு ஆண்டவர் பலன் கொடுப்பார்.

ஜெபா_கோவை

எல்லோருக்கும் நன்றி. வெளிப்படுத்தல் 2-ஐ அந்த அக்காவோடு உட்கார்ந்து வாசித்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், வியாழக்கிழமை மத்தியானம் நான் வந்து உன் அத்தையோடு இருக்கிறேன், நீ தூங்கு என்றார். இந்த வாரம் வந்தார். கதவில் மணியும் கட்டியாகிவிட்டது. வீட்டுக்காரரிடமும் கேட்டேன் டீச்சர். "முன்னாடி நீ கோபப்பட்டா ரெண்டு நாள் பேச மாட்ட, இப்ப காபி போடுறதுக்குள்ள பேசிடுற" என்றார்.

ஜெபத்தில் மாற்றம் ஒன்றும் இல்லை. சங்கீதம் 131-ஐ மட்டும் சத்தமாக வாசித்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். அத்தை சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையிலேயே வளர்ந்தவர்கள். கோயிலுக்குக் கூட்டிப்போக முடிவதில்லை. என்னவென்றே புரியாத நிலையில் வீட்டில் நற்கருணை கொடுக்கலாமா?

சாயர்புரம்_டீச்சர்

தாராளமாகக் கொடுக்கலாம். திடப்படுத்தல் (விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) எடுத்து இத்தனை வருஷம் நற்கருணை வாங்கினவர்கள்; நோய் வந்ததால் பந்தியை விட்டு யாரும் அவர்களைத் தள்ளிவைக்க முடியாது. எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்குப் பெற்ற மகள் பெயரே மறந்துபோயிருந்தது. சபை ஐயர் (போதகர்) வந்து பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்ததும், தலையணையில் சாய்ந்தபடியே கூடச் சொல்லிக் கடைசி வரைக்கும் போய்விட்டார். ஐயர் மூச்சு வாங்க நிறுத்தின இடத்திலும் அவர் நிறுத்தவில்லை.

உங்கள் ஐயரிடம் காலை நேரமாகப் பார்த்து வரச் சொல், சாயங்காலம் வேண்டாம், அந்த நேரத்தில்தான் குழப்பம் கூடும். பழைய ஆராதனை முறைமையையே வாசிக்கச் சொல், அதுதான் அவர்கள் காதில் ஏறியிருக்கும். விழுங்கக் கஷ்டம் இருந்தால் அப்பத்தைச் சின்னதாகக் கிள்ளி ரசத்தில் நனைத்துக் கொடுக்கலாம், அதை முன்னாலேயே ஐயரிடம் சொல்லிவிடு. நீயும் கூட உட்கார்ந்து வாங்கிக்கொள். அத்தையை விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போக முடியாமல் உனக்கும் எத்தனையோ ஞாயிறு தவறியிருக்கும்.